பிள்ளையார் மாலையும் மூன்று தங்கமீன்களும்

குளிர் என்றால் என்னவென்று குணரத்தினத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பென்ரோஸில் உறையவைத்த இறைச்சி அடுக்கும் கிடங்கொன்றில் இருபத்திரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வேலை முடிந்து மாசி என்ற புறநகரிலுள்ள வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணீர்க் கோப்பையோடு நேரே பின்வளவுக் குளத்தடிக்குத்தான் போவார். தலையில் கொழுக்கட்டை வைத்ததுபோல் சதை பிதுங்கிய தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தபிறகுதான் அவருடைய விரல்களுக்கு உயிர் வரும்.

மீன்களோ சொகுசுப் பிறவிகள். போன குளிருக்கு ஏழில் நான்கு செத்துப்போயின. மின்சார ஹீட்டர் போட்டும் காப்பாற்ற முடியவில்லை. பில் மட்டும் தவறாமல் வந்தது. அதைப் பார்த்து மனைவி செல்வநாயகி உருவேறாத குறைதான்.

"இஞ்சாருங்கோ, இந்தக் குளிருக்கு ஒரு மீன் செத்தாலும் நான் குளத்தை மண் போட்டு மூடிக் கத்தரி நடுவன்."

சொன்னால் செய்கிற மனுஷி. மண்ணுக்கும் ஆள் பார்த்து வைத்துவிட்டாள்.

குணரத்தினம் சும்மா இருப்பாரா? அழுகுகிற குப்பைக் குவியல் உள்ளுக்குள் சூடேறும் என்று வேலைத்தலத்தில் ஒருவன் சொன்னது மண்டைக்குள் கிடந்தது. பிள்ளையார் கோயிலிலோ வாராவாரம் கழற்றும் மாலைகளை என்ன செய்வதென்று ஐயருக்குத் தலையிடி. ஆற்றில் விட இது ஊரில்லை, குப்பைத்தொட்டியில் போட மனமும் இல்லை. "கால் படாத இடமாப் போடுறன் ஐயா" என்று சொல்லி, பை பையாகக் காரில் ஏற்றிவந்தார். குளத்தருகே கறுப்புக் குழாயைச் சுருள் சுருளாக வைத்து, அதன்மேல் மாலைகளைக் குவித்தார். குளத்துத் தண்ணீர் குழாய்க்குள்ளாலே சுற்றிவர ஒரு சின்னப் பம்ப். ஒரு பல்புக்குப் போகிற மின்சாரம்தான் அதற்கு.

இரண்டு கிழமையாகியும் குவியல் சூடேறவில்லை. வழுவழுத்து நாறியதுதான் மிச்சம். சாணி கலக்க வேண்டும் என்றான் வேலைத்தலத்து ஆள். குணரத்தினம் காதைப் பொத்தாத குறை. பிள்ளையார் கழுத்தில் கிடந்த பூவில் சாணியா? மீன்கள் குளத்தின் அடியில் சோர்ந்து கிடந்தன. சனிக்கிழமை உறைபனி கொட்டும் என்று செய்தியில் சொன்னார்கள். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"ஏன் முகம் செத்துக் கிடக்கு?" என்று செல்வநாயகி கேட்டாள்.

அவர் சாணிக் கதையைச் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பொங்கலுக்குப் பிள்ளையாரையே சாணியில பிடிச்சு வைக்கிறம். அவற்ற மாலையில சாணி பட்டாத்தான் குற்றமோ?"

அறுபது வயதுவரை இது ஏன் தனக்குப் படவில்லை என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, ஒரு பண்ணையில் ஆறு வாளி சாணி வாங்கிவந்து, வெட்டிய புல்லோடும் மாலைகளோடும் கலந்து, பழைய கம்பளத்தால் மூடினார்.

சனிக்கிழமை விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. குணரத்தினம் பயந்து பயந்து பின்கதவைத் திறந்தார். குவியல் புகைந்துகொண்டிருந்தது. கம்பளத்தை விலக்கிக் கையை உள்ளே விட்டவர், சுட்டுக்கொண்டு வெளியே இழுத்தார். நெருப்பில்லை, ஹீட்டர் இல்லை. சாமி கழுத்தை விட்டு இறங்கி, வாடி, வேண்டாமென்று கட்டிவைத்த பூவுக்குள் இவ்வளவு சூடா! அந்தக் கையோடேயே கும்பிட்டார்.

குளத்தில் மூன்று மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

பின்னால் வந்த செல்வநாயகி, உறைபனிப் புல்லில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு குவியலுக்குக் கிட்டப் போய் இரண்டு உள்ளங்கையையும் நீட்டினாள்.

"மண்காரனுக்கு வேண்டாமெண்டு சொல்லுறன்" என்றாள். "நீங்கள் போய் இன்னும் ரெண்டு வாளி சாணி எடுத்துவாங்கோ."