கடல் மாற்றிய ஜோடி

மாதனூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பஸ்ஸுக்கு, அதில் ஏறும் பெண்கள் வைத்திருக்கிற பெயர் கப்பல். டிரைவர் மாலுமி. வேகத்தடையில் தூக்கிப் போட்டால் அலை. பெயர் வைத்த புண்ணியவதி சவுரியம்மாள். பாலாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடினாலே ஊரே கிளம்பிப்போய் வேடிக்கை பார்க்கிற சீமையில் இவளுக்குக் கடல் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று கேட்டால், வேளாங்கண்ணியைச் சொல்வாள்.

கல்யாணமான வருஷம் கணவன் ரத்தினசாமியோடு வேளாங்கண்ணிக்குப் போனாள். கடலை அவள் பார்த்தது அந்த ஒரே தடவைதான். நின்ற இடத்தில் அலை வந்து இடதுகால் செருப்பை உருவிக்கொண்டு போய்விட்டது. புதுச் செருப்பு. இவள் கரையில் நின்று கடலைத் திட்டிய திட்டில் சுற்றியிருந்தவர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களாம். ஒற்றைச் செருப்போடு ஊர் திரும்புகிற வழியிலேயே, நாத்து நடவில் கேட்ட மெட்டில் முதல் பாட்டு வந்துவிட்டது.

*எடங்கால் செருப்பெடுத்த வேளாங்கண்ணிக் கடலம்மா,*
*வலங்கால் செருப்பிருக்கு, வந்தெடுத்துப் போயேம்மா.*

அதற்கப்புறம் கட்டியதெல்லாம் கடல் பாட்டுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு: நடந்ததாக இருக்க வேண்டும். சும்மா கற்பனை பண்ணி அலை, நிலா, மீனு என்று அளக்க மாட்டாள். மாதனூரில் உட்கார்ந்துகொண்டு கடலில் நடந்ததற்கு எங்கே போவது? அதற்குத்தான் முக்தார் அகமது இருந்தார். கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறவர். ஷூ அடைத்த கன்டெய்னர் பெட்டி எந்தக் கப்பலில் ஏறியது, கப்பல் எங்கே நிற்கிறது என்று செல்போனில் பார்த்துக்கொண்டே இருப்பது அவர் வேலை. டீ நேரத்தில் சவுரியம்மாள் போய் நின்றாள் என்றால் அன்றைய கடல் சேதி முழுவதும் கிடைத்துவிடும். கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு உலகத்தையே நிறுத்திவைத்த கப்பல், சண்டைக்குப் பயந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போன கப்பல், எல்லாம் மறுநாள் காலை பஸ்ஸில் பாட்டாகிவிடும். நாற்பது பெண்கள் கைதட்டிப் பின்பாட்டு பாடுவார்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. நிறுத்துகிற ஆளா அவள்?

கம்பெனியில் அவளுக்கு, ஷூவுக்குள் பாதம் படுகிற மேல்தோலைப் பசை தடவி ஒட்டுகிற வேலை. தோலில் அடையாளம் போட ஒரு சில்வர் பேனா கொடுத்திருந்தார்கள். ஒட்டிவிட்டால் அடியில் என்ன இருக்கிறதென்று எந்த மகாராசன் பிரித்துப் பார்க்கப் போகிறான்? ஆறு வருஷமாக, தினமும் ஒரே ஒரு ஜோடியில், இடது ஷூவில் பாட்டின் முதல் அடி, வலது ஷூவில் இரண்டாம் அடி என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். செருப்பை எடுத்துக்கொண்ட கடலுக்குப் பதில் மரியாதை என்று பக்கத்து நாற்காலி மோகனாவிடம் சொல்லியிருந்தாள். மோகனா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு பேருக்கும் சீட்டு கிழியும். விற்கிற மாலில் எழுதினால் அன்றே வீட்டுக்கு என்பது சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த சட்டம்.

போன குளிர்காலத்தில் ஐரோப்பா பக்கம் ஒரு புயலில், கப்பலிலிருந்து ஒன்பது பெட்டி கடலில் விழுந்தது. அதில் ஒன்று நம் கம்பெனிப் பெட்டி. முக்தார் அகமது துக்கம் சொல்லுகிற குரலில் வந்து சொன்னார். சவுரியம்மாள் அன்றைக்கே ஒப்பாரி மெட்டில் ஒன்று கட்டிவிட்டாள். அப்புறம் எல்லோரும் மறந்துபோனார்கள். பத்தொன்பது வருஷம் உழைத்ததற்கப்புறம், வருகிற ஒண்ணாந்தேதி அவளை சூப்பர்வைசர் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியிருந்தது. அவளுக்கு ராத்திரி பகல் அதே நினைப்பு. சூப்பர்வைசருக்குக் கொடுக்கிற நீலக் கோட்டு போட்டுக்கொண்டு சர்ச்சுக்கே போகலாமா என்றுகூட யோசித்தாள்.

இருபத்தஞ்சாந்தேதி காலையில் ஃபேக்டரி மேனேஜர் கோதண்டபாணி லைனை நிறுத்தச் சொன்னார். லைன் நின்றால் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆடிட் வந்திருக்க வேண்டும். அவர் கையில் இரண்டு போட்டோ. முகம் வேர்த்திருந்தது.

விஷயம் இதுதான். ஸ்காட்லாந்து பக்கத்தில் ஏதோ தீவு. அங்கே கடற்கரையில் நடக்கப்போன ஓர் அம்மாவுக்கு ஒரு இடது ஷூ கிடைத்தது. மூன்று வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வலது ஷூ. ஒரே மாடல், ஒரே சைஸ். மாசக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறி ஒட்டுப் பிரிந்து, உள்ளே வெள்ளி எழுத்து பளபளவென்று தெரிந்தது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு தமிழ் நர்ஸ் படித்துச் சொல்லியிருக்கிறாள். சேதி ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டது. அவர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டு, நீங்கள் பெண்களைப் பூட்டிவைத்து வேலை வாங்குகிறீர்களா என்று கேட்டு மெயில் போட்டிருந்தார்கள்.

கோதண்டபாணி இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்தார்.

*பொட்டியில போட்டடச்சான், மூச்சுத் தெணறுதடி.*
*கையுங்காலும் நகரலியே, காப்பாத்த ஆளில்லடி.*

மோகனா சவுரியம்மாளின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பேசாதே என்று அர்த்தம். பேசினால் நீலக் கோட்டு போச்சு, பத்தொன்பது வருஷமும் போச்சு என்று சவுரியம்மாளுக்குத் தெரியாதா? தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு தரையைத்தான் பார்த்தாள். கோதண்டபாணி, எழுதினது யார் என்று கேட்டார். இந்தப் பஞ்சாயத்து தீராவிட்டால் ஆர்டர் போகும், லைன் மூடும், மாதனூர் பஸ்ஸும் நிற்கும் என்றார். போட்டோவை நீட்டி இன்னொரு தரம் அதே இரண்டு அடியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பாட்டைக் கொலை பண்ணிக்கொண்டிருக்கிறான் மனுஷன்!

"சார், நிறுத்துங்க சார். அது ஜோடியே இல்ல."

கோதண்டபாணி நிமிர்ந்தார். மோகனா கண்ணை மூடிக்கொண்டாள். மாதாவே, வாயை விட்டாயிற்று, இனி என்ன செய்ய என்று நினைத்தாள் சவுரியம்மாள்.

"எடது ஒரு பாட்டு, வலது வேற பாட்டு. ரெண்டும் வேற வேற நாளு எழுதனது. ஜோடி மாத்திப் படிக்கறீங்க."

"எழுதனது நீயா?"

"நான்தான். ஆனா எங்கையில ஜோடி மாறினதே கெடையாது சார், ரிஜிஸ்டர எடுத்துப் பாருங்க. கடலுதான் மாத்தி வுட்டுருக்குது."

எழுதியதற்கு வெட்கமில்லை, ஜோடி மாறியதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. முதல் பாட்டில் மூச்சுத் திணறுவது பெட்டிக்குள் அடைத்த ஷூ, அது *புதுச்செருப்பு அத்தனையும் கடக்காத்துக் கேக்குதடி* என்று முடியும். இரண்டாவது, *கால்வாயில குறுக்கவந்து கப்பலொண்ணு சிக்கிச்சடி* என்று ஆரம்பிக்கிற பாட்டு, கையும் காலும் நகராதது கப்பலுக்கு. மூக்கைத் துடைத்துக்கொண்டே விளக்கினாள். எத்தனை ஜோடியில் எழுதினாய் என்று கேட்டார் கோதண்டபாணி. தினம் ஒன்று, லீவு நாளில் இல்லை என்றாள். எத்தனை வருஷமாக என்று கேட்டார். ஆறு என்றாள். அவர் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பெட்டி நசுங்கியது.

அன்று மத்தியானம் வெளிநாட்டுக்காரர்களோடு வீடியோவில் பேச்சு. இது பாட்டுதான் என்றால் சாட்சி வேண்டும் என்றார்கள். சாட்சிக்கா பஞ்சம்? கப்பலில் வருகிற நாற்பது பேரையும் முக்தார் அகமது கொண்டுவந்து நிறுத்தினார். சவுரியம்மாள் முதல் அடி எடுத்தாள், நாற்பது பேரும் இரண்டாம் அடி பாடினார்கள். இரண்டு பாட்டு போதும் என்றாலும் இவர்கள் விடுவதாயில்லை. வேளாங்கண்ணிச் செருப்பிலிருந்து ஒப்பாரி வரை ஒன்பது பாட்டு ஓடியது. முக்தார் அகமது இங்கிலீஷில் அர்த்தம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். திரையில் ஒரு வெள்ளைக்காரர் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தார். ஆர்டர் திரும்பி வந்தது.

ஆர்டர் வந்தது சரி, இவள் கதி? சட்டம் சுவரில் அப்படியே ஒட்டியிருந்தது. கோதண்டபாணி தன் கண்ணாடி அறைக்குள் போனார். சவுரியம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்து அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார். யோசித்தார். பிறகு மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

ஆயுத பூஜைக்கு ஆபீஸ்காரர்களுக்குக் கொடுத்த ஷூ அது. அவர் சைஸ் தெரிந்துதான் சவுரியம்மாள் அதிலும் எழுதியிருந்தாள். அந்த ஜோடியில் எழுதியதைப் பஸ்ஸில்கூட அவள் பாடியதில்லை.

அவர் வலது ஷூவைக் கழற்றினார், தோலைப் பிய்த்தார், படித்தார். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக ஹாலுக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இன்னாடி இது? *கத்திக்கத்தித் தொண்டகட்டிக் காக்காயாப் போனாரடி.* நான் காக்காவா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கி மோகனாவுக்கு விக்கல் வந்தது.

"எடது காலையும் பாருங்க சார்," என்றாள் சவுரியம்மாள். "ஜோடியாப் படிக்கணும்."

அங்கேயே நின்றபடி இடது ஷூவையும் கழற்றினார். பிய்ப்பதற்கு நேரமானது, அவள் ஒட்டினால் ஒட்டியதுதான்.

*மாதனூருக் கப்பலுக்கா மல்லுக்கட்டி நின்னவரு.*

போன வருஷம் மாதனூர் பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் முடிவு பண்ணினார்கள். கோதண்டபாணி தனியாகப் போய்ச் சண்டை போட்டு, பஸ்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று நாள் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதைப் பற்றி இங்கே யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாருக்கும் தெரியாது என்றே அவர் நினைத்திருந்தார்.

நாற்பது பெண்களுக்கு நடுவில் இரண்டு சாக்ஸ் காலோடு நின்று, இரண்டு ஷூவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் இரண்டையும் அவள் மேஜையில் வைத்து, ஒட்டிக் கொடு என்றார். பசை தடவி, தட்டி, காயவைத்துக் கொடுத்தாள். அவர் சில்வர் பேனாவைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவசர அவசரமாகக் காலை நுழைத்துக்கொண்டு நடந்தார்.

பத்தடி போயிருப்பார். ஜோடி விஷயத்தில் அவளால் சும்மா இருக்க முடியுமா?

"சார், கால மாத்திப் போட்டுக்கினீங்க."

கோதண்டபாணி குனிந்து பார்த்தார். ஆமாம், இடதில் வலது, வலதில் இடது. அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழற்றி மாற்றிக்கொண்டார்.

"சூப்பர்வைசரு சொன்னா கேட்டுத்தான ஆவணும்," என்றார்.