இருநூற்று முப்பத்தொன்பது எண்கள்

அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளின் குடும்பங்கள் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளியிலிருந்து செய்தி போன கைப்பேசி எண்கள் இருநூற்று முப்பத்தொன்பது. நடுவில் இடித்த அந்த இருபத்தைந்தைப் பதினொரு வருடமாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. செய்தி அனுப்பியவளும் பார்த்ததில்லை.

அவளைப் பள்ளியில் ரேடியோக்கா என்பார்கள். பெயர் வைத்தவர் வாசல் காவல்காரர். அவருக்குப் பூட்டு என்று பெயர் வைத்தவள் அவள். ஆக இருவருக்கும் சரிக்குச் சரி.

மாடிப்படிக்குக் கீழே இருந்த குறுகலான அறை அவளுடையது. ஒரு கணினி, மூன்றாவது இழுப்பறை மூடாத இரும்பு அலமாரி, கேட்டைப் பார்த்த ஒரு ஜன்னல். திங்கள் முதல் வியாழன் வரை அவள் ஆசிரியர்களைத் துரத்துவாள். விளையாட்டு ஆசிரியர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து காட்டுவார். கணக்கு வாத்தியாரிடம் ஒரு வரி வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. எப்படியோ வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் செய்தி போய்விடும். யார் பேச்சுப் போட்டியில் ஜெயித்தது, எந்த வகுப்புக்கு எப்போது பரீட்சை, பேருந்து எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நிற்கும் என்று எல்லாமும் அதில் இருக்கும். படமும் போகும்.

"ஊர்ல இருக்கற அத்தனை வீட்டுக்கும் நியூஸ் சொல்ற. இந்த வீட்டுல டீத்தூள் தீர்ந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மருந்துக்கடையில் வேலை பார்த்த அவள் கணவர் காலி டப்பாவைத் தட்டிக்கொண்டே கேட்பார்.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வரும், பாத்துக்குங்க" என்பாள்.

அவளுடைய பட்டியலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எண் சேர்க்கலாம், பிள்ளை எட்டாவது முடிக்கும் வரை எடுக்கக் கூடாது. அந்தச் சட்டம் பிறந்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் பள்ளியை மதியமே மூடினார்கள். அன்று ஒரு தந்தையின் பழைய எண்ணை அவள் எடுத்திருந்தாள், புதிய எண்ணை இன்னும் சேர்க்கவில்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றாள். அந்தத் தந்தை திட்டவில்லை. "எங்களை மட்டும் மறந்துட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவள் இடையில் ஒரு எண்ணையும் எடுத்ததில்லை. புது எண் தந்தவர்களின் பழைய எண்ணும் இருந்தது, வேறு ஊருக்குப் போனவர்களின் எண்ணும் இருந்தது. பெயர்களை ஏற்றினால் வேலை இரட்டிப்பாகும் என்று வெறும் எண்களை மட்டுமே ஏற்றி வைத்திருந்தாள்.

பதில்களைத் திங்கட்கிழமை காலையில் படிப்பாள். பெரும்பாலும் "சரி" என்றிருக்கும், இல்லாவிட்டால் கட்டைவிரல் படம். சிலர் சண்டை பிடிப்பார்கள். ஒரே ஒரு எண்ணிலிருந்து மட்டும் எட்டு மாதமாக, வாரம் தவறாமல் "நன்றி டீச்சர்" என்று வந்தது. அவள் டீச்சர் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது.

"இருநூத்துச் சொச்சம் பேர்ல ஒருத்தருக்காவது மரியாதை தெரிஞ்சிருக்கு" என்று பூட்டிடம் பெருமையடித்தாள்.

"அந்த ஒருத்தர் யாருக்கா?"

"யாரோ ஒரு அப்பா. அம்மாவாக்கூட இருக்கலாம்."

அந்தத் திங்கட்கிழமை அதே எண்ணிலிருந்து கொஞ்சம் நீளமாக வந்திருந்தது. அதை அவள் சிரித்துக்கொண்டேதான் திறந்தாள்.

"நன்றி டீச்சர். ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவதா வந்த பொண்ணு, மஞ்சள் ரிப்பன், புதன்கிழமையிலிருந்து வரக்காணோமே. உடம்பு சரியில்லையா?"

அவள் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். ஏழாம் வகுப்புப் பெண். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் விடுப்பு. காய்ச்சல் என்று தாய் எழுதிய கடிதம் உள்ளே செருகியிருந்தது. பந்தயத்தின் படத்தைச் செய்தியில் அனுப்பியவள் அவள்தான். அந்தப் பெண் வராததை எந்தச் செய்தியிலும் அவள் சொல்லவில்லை. அது தெரிய வேண்டுமானால் தினமும் கேட் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெருவில் மூன்று பேர் நடந்தார்கள். எதிர்க் கடையில் இரண்டு பேர் நின்றார்கள். தினமும் பார்த்த தெருதான். இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறதா என்று பார்த்தாள்.

முதலில் அந்தப் பெண்ணின் தாயைக் கூப்பிட்டாள். பிள்ளை வீட்டில்தான் படுத்திருந்தாள். அந்த எண் யாருடையது என்று தாய்க்குத் தெரியவில்லை. அதன்பின் இரும்பு அலமாரியின் பழைய சேர்க்கைப் படிவங்களை எல்லாம் தரையில் கொட்டித் தேடினாள். ஒரு மணி நேரத்தில் எண் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊரைவிட்டே போன குடும்பத்தின் படிவம் அது. அவர்கள் விட்ட எண் வேறு யாருக்கோ போயிருக்கிறது. அந்த யாரோவுக்கு அவள் எட்டு மாதமாக, வாரம் தவறாமல், பிள்ளைகள் எங்கே எப்போது இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த எண்ணுக்கே அடித்தாள். இரண்டு தரம் மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது. அடுத்த நிமிடம் எழுத்தில் பதில் வந்தது.

"இப்போ பேச முடியாது டீச்சர். வியாழக்கிழமை பார்ப்போம்."

வியாழக்கிழமை அறிவியல் கண்காட்சிக்குப் போக ஏற்பாடு. மூன்று வகுப்பும் ஐந்து பேருந்தில் கிளம்பும். மாலை ஐந்து மணிக்குப் பூங்காவின் தெற்கு வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடுவோம், பெற்றோர் அங்கே வந்து கூட்டிப்போகலாம் என்று போன வெள்ளிக்கிழமைதான் அவள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

தலைமையாசிரியர் செய்தியை மூன்று தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காம் தரமும் படித்தார்.

"எடத்தை மாத்திடலாம். பிள்ளைங்களை இங்க ஸ்கூல் ஹால்லயே விட்ருவோம். எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்ருங்கம்மா."

"போட்டா அந்தாளுக்கும் போகும் சார்."

"அந்த நம்பரை எடுத்துட்டுப் போடுங்க."

"எடுத்துடலாம் சார். ஆனா நம்ம பிள்ளைங்க வீடு இருநூத்திப் பதினாலு. பட்டியல்ல இருநூத்தி முப்பத்தொம்பது இருக்கு. மீதி இருபத்தஞ்சுல எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது. அந்தாள்கிட்ட இன்னொரு நம்பர் இருந்தா?"

அவர் அவளையே பார்த்தார். "இருபத்தஞ்சா?"

"என் தப்புதான் சார்."

"தப்பை அப்புறம் பாக்கலாம். இப்போ என்ன வழி?"

"வாயால சொல்றதுதான் வழி. ஒவ்வொரு வீடா கூப்பிடறேன். பிள்ளை பேரைக் கேப்பேன், வகுப்பைக் கேப்பேன். சரியா சொன்னவங்களுக்கு மட்டும் எடம் மாறினதைச் சொல்வேன்."

காவல் நிலையத்துக்கும் போனார்கள். மேசையில் இருந்தவர் செய்தியைப் படித்துவிட்டு, "நன்றி சொல்லியிருக்கார், உடம்பு விசாரிச்சிருக்கார். இதுல நான் என்னன்னு எழுதறது?" என்றார். எண் யாருடையது என்று தெரிய நான்கு நாளாகும் என்றார். தலைமையாசிரியர் விடாமல் நின்றதால், வியாழக்கிழமை ஐந்து மணிக்குப் பூங்காவுக்கு ஒருவரை அனுப்புவதாக எழுதிக்கொண்டார்.

திங்கள் மதியத்திலிருந்து புதன் மாலை வரை அவள் பேசினாள். தொண்டை கட்டிப்போனது. வெந்நீரைக் குடித்துக் குடித்துப் பேசினாள். சில தாய்மார் பயந்தார்கள், ஒரு தந்தை கத்தினார். ஒரு பெரியப்பாவுக்குப் பிள்ளை எந்த வகுப்பு என்று தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "அஞ்சாவதுன்னு நெனச்சுட்டிருந்தேன், ஏழாம்ல!" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

நடுநடுவே முன்பின் தெரியாத குரல்களும் வந்தன. லாரி ஓட்டுநர் ஒருவர் சிரித்தார். "மூணு வருஷமா வருதுங்க உங்க நியூஸ். சாப்பிட வண்டியை ஓரங்கட்டறப்போ படிப்பேன். அந்தக் கணக்குப் போட்டிப் பையன் இந்தத் தடவையும் ஜெயிச்சானா?"

நல்ல மனிதர்தான். ஆனாலும் போனை வைத்ததும் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்தாள். பல நூறு மைல் தள்ளி ஓடுகிற லாரியில் ஒரு பிள்ளையின் பெயர் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

புதன்கிழமை மாலை கணக்கைப் போட்டாள். பேசிய பெற்றோர் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. உயிரில்லாத எண்கள் ஒன்பது. அந்நியர் பதினொன்று. அடித்து அடித்து ஓய்ந்தும் எடுக்காத எண்கள் இருபது. அந்த இருபதில் பதினைந்து வீடுகள் இருக்க வேண்டும். ஒன்று நன்றிக்காரனுடையது. மிச்சம் நான்கு யாருடையது என்று தெரியவில்லை.

அந்தப் பதினைந்து வீட்டாருக்கு இடம் மாறியது தெரியாது. அவர்கள் பூங்காவுக்குத்தான் வருவார்கள். யாராவது அங்கே நின்று அவர்களைப் பள்ளிக்குத் திருப்பிவிட வேண்டும்.

"நானே போறேன்" என்றாள்.

"தனியாவா? நானும் வர்றேன்கா" என்றார் பூட்டு.

"நீங்க கேட்டை விட்டு நகர்ந்தீங்கன்னா உங்க பேரை மாத்திடுவேன். பேர் சொல்லி, வகுப்பு சொல்லி, பிள்ளையும் 'ஆமா, எங்க அம்மாதான்'னு சொன்னாத்தான் வெளியே விடணும்."

"நான் பூட்டுனா பூட்டுனதுதான். நீ உன்னைப் பாத்துக்க."

வியாழக்கிழமை நாலேகாலுக்கே அவள் தெற்கு வாசலுக்கு வந்துவிட்டாள். இரும்புக் கம்பி வேலியை ஒட்டி ஒரு நீள பெஞ்சு, தண்ணீர்க் குழாய், சைக்கிள் நிறுத்துமிடம். வானம் மூடியிருந்தது, காற்றே இல்லை. கையில் பதினைந்து பெயர்கள் கொண்ட தாள். அந்த வீட்டார் யாருடைய முகமும் அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அவள் எண்களோடுதான் பேசியிருக்கிறாள். வந்து நின்ற ஒவ்வொரு முகத்தையும் அவனாக இருக்குமோ என்று பார்த்தாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். பிள்ளை பேர், வகுப்பு, ஒரு டிக். "ஸ்கூலுக்குப் போங்க, ஹாலுக்கு வந்துருவாங்க." ஒரு தாய், "முன்னாடியே சொல்லக் கூடாதா? நல்லா நடத்தறீங்க பள்ளிக்கூடம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்த ஏச்சைக் கேட்டது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதினைந்தாவது டிக் விழுந்தது. இனிமேல் இங்கே வருகிற யாரும் பெற்றோர் இல்லை.

"எல்லாரையும் வேற எங்கயோ அனுப்பறீங்களே டீச்சர்?"

குழாய்ப் பக்கமிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மடக்கிய குடை, படிய வாரிய தலை. கூட்டத்தில் யாரும் இரண்டாம் தரம் பார்க்காத முகம்.

"நீங்க எந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தீங்க சார்?" என்றாள்.

அவர் ஏழாம் வகுப்பு என்றார். மஞ்சள் ரிப்பன் பெண்ணின் பெயரைச் சரியாகச் சொன்னார். "என் பொண்ணுதான்."

அவள் தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பள்ளி இரண்டு தெரு தள்ளி இருந்தது. இந்நேரம் ஐந்து பேருந்தும் அங்கே பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருக்கும்.

"ஏழாம் வகுப்பு பஸ் மட்டும் லேட்டு சார். இங்கதான் வரும். உக்காருங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். அவரை எழுந்திருக்க விடாமல் வைத்திருக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். செய்தி சொல்ல ஆரம்பித்தாள். நூலகத்துக்குப் புது அலமாரி வந்தது, மைதானத்துக்கு மண் கொட்டினது, குழாய் மாற்றினது என்று தேடித் தேடிச் சொன்னாள். பிள்ளைகள் இல்லாத செய்தி எத்தனை குறைவு என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் தலையாட்டிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும், "படிச்சேன் டீச்சர்" என்றார்.

ஐந்து பத்துக்கு எழுந்தார். குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பஸ் வராது போல" என்று சிரித்தார். "நீங்க நல்லா எழுதறீங்க. நன்றி டீச்சர்."

அவர் பள்ளி இருந்த பக்கமாக நடந்தார். அவள் பூட்டுக்குப் போன் செய்தாள். "குடை வச்சிருக்கற ஆளு. கேட்டைத் திறக்காதீங்க."

"பூட்டியே இருக்குக்கா" என்றார் அவர். அவர் குரலில் கேலி இல்லை.

ஐந்தேகாலுக்குக் காவலர் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, வெறும் பெஞ்சையும் அவளையும் பார்த்தார்.

"ஆள் வந்தானா? என்னம்மா பண்ணான்?"

"நன்றி சொன்னாருங்க" என்றாள்.

இருநூற்றுப் பதினான்கு குடும்பத்துப் பிள்ளைகளும் ஆறரை மணிக்குள் அவரவர் பெற்றோரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். குடைக்காரரைப் பூட்டு பார்க்கவில்லை. அந்த எண் அன்று இரவிலிருந்து அணைந்து கிடந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து எந்த வீட்டுக்கும் செய்தி போகவில்லை.