வழியில் இருக்கும் கப்பல்

"என்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கலாம்னா, என்ன கேப்ப?"

"குப்பைக்கூடையைக் கீழ கொண்டு போய்க் கொட்டிட்டு வாங்க."

"அது தினமும் கேக்கறதுதானே. கேக்கணும்னு நினைச்சு, கேக்காமலே வச்சிருப்பியே... அது."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அந்த அப்புறம் வருவதற்குள் அவன் இறந்துபோனான்.

இது நடந்தது. அரட்டைக்காகச் சொல்லும் கதை அல்ல. அவள் பேய், பிசாசு என்றால் சிரிக்கிறவள். கண் ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், வருகிறவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்பாள். "தெரியற மாதிரி இருக்கு" என்று யாராவது இழுத்தால், "தெரியுதா, தெரியலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவாள். இதையும் அப்படித்தான் சொன்னாள். தெரிந்ததை மட்டும்.

இரண்டு பேரும் சந்தித்ததே அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில்தான். சிவந்த கண்ணோடு வந்திருந்தான். அவள் மருந்தைத் திறந்து வழக்கம்போல "மேல பாருங்க" என்றாள். அவன் பார்க்கவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு, "கூரையில கண்ணாடி இருக்கு" என்றான். வெளிச்சத்துக்காக வைத்த சதுரக் கண்ணாடி. அதற்கு மேலே வானம்.

அவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. நாற்காலியை நடைவழிக்கு இழுத்துப்போட்டு, அங்கே வைத்து மருந்து விட்டாள். அந்த மாதத்தில் அவன் இன்னும் மூன்று தடவை வந்தான். கடைசித் தடவை கண்ணில் சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை.

பயத்தில்தான் எத்தனை விதம். சட்டைப் பொத்தானைக் கண்டால் வியர்த்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மஞ்சள் நிறம் என்றால் எழுந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவனுக்கு வானம். பெரிய கறுப்புக் குடை இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டான். ரயில் நிலையத்துக்கு அடியில், சுரங்கப்பாதையில், கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். தெருவில் அவனுக்குக் குடைக்காரர் என்றே பெயர். கிண்டல் செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். "பட்டனுக்குப் பயப்படறவரை நினைச்சுப் பாருங்க. நானாவது சட்டை போட்டுக்கறேன்" என்பான்.

அவளிடம் மட்டும் ஒருமுறை மெதுவாகச் சொன்னான். "வானம் என் மேல விழுந்துடும்னு இல்ல. நான்தான் அதுக்குள்ள விழுந்துடுவேன்."

அதற்குப் பிறகு அவள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க, முகம் தெரியாத எல்லாரிடமும் "மேல பாருங்க, மேல பாருங்க" என்பாள். வீட்டில் அவனுக்கு மருந்து விடும்போது, "கண்ணைத் திறங்க" என்பதோடு சரி. கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனவள், முதல் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பக்கத்தில் அவனும் நின்றால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை வந்தது. துணியோடு துணியாக அதையும் மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அப்படிப்பட்டவன் பொழுதெல்லாம் விண்வெளி விளையாட்டில் கிடந்தான் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அது இலவசம். அவன் தம்பி கைபேசியில் ஏற்றிக் கொடுத்தது. கிரகம் பிடிக்க வேண்டும், சுரங்கம் தோண்ட வேண்டும், கப்பல் கட்ட வேண்டும், கட்டியதைப் பறிகொடுக்காமல் காக்க வேண்டும். "இதுல வானம் எனக்குக் கீழ இருக்கு. குனிஞ்சு பாக்கலாம்" என்றான். அவளையும் சேர்த்துவிட்டான். தன் கிரகத்துக்குக் 'கூரை' என்று பெயர் வைத்தான். அவளுடையதற்குச் 'சொட்டு மருந்து'.

அந்த ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. எழுந்து போகிறவர் தன் கப்பல்களைச் சொந்தக் கிரகத்தில் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. ஆள் இல்லாத நேரம் பார்த்து எவனாவது வந்து நொறுக்கிவிடுவான். எங்காவது அனுப்பிவிட வேண்டும். வழியில் இருக்கும் கப்பலை யாராலும் தொட முடியாது.

அவன் தினமும் குடையை விரிப்பதற்கு முன்னால் தன் கப்பல்களை அவளுடைய கிரகத்துக்கு அனுப்புவான். அவை போய்ச் சேர்ந்ததும் அவள் கைபேசி ஒருமுறை 'டிங்' என்னும். ஆனால் கப்பல் தானாக இறங்காது. சொந்தக்காரர் 'இறங்கு' என்று அழுத்த வேண்டும்; அதுவரை அது வழியில் இருப்பதாகத்தான் கணக்கு. அவன் வானத்தைக் கடந்து, சுரங்கப்பாதைக்குள் இறங்கி, கடைக் கதவைத் தூக்கிவிட்டு அழுத்துவான். அப்போது இரண்டாவது 'டிங்'. கையில் மருந்தோடு நிற்கும் அவள் அதைக் கேட்டபிறகுதான் மூச்சு விடுவாள்.

அன்றைக்குக் கடை விடுமுறை. அவள் மட்டும் வேலைக்குப் போயிருந்தாள். எதிர்பாராமல் கைபேசி ஒலித்தது.

டிங்.

வெளியே போகாதவன் எதற்குக் கப்பல் அனுப்புகிறான் என்று நினைத்தாள். இரண்டாவது மணிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்துதான் அழைப்பு வந்தது.

தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர்தான் அவனை மொட்டைமாடியில் பார்த்திருக்கிறார். நெஞ்சுவலி என்றார்கள். குடை ஒழுங்காக மடித்து, கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு அவள் அந்த மனிதரைத் தேடிப்போய் ஒன்றுதான் கேட்டாள். அவன் கண் திறந்திருந்ததா?

"இல்லம்மா" என்றார் அவர். "முகம் மேல பாத்துதான் இருந்துச்சு. கண்ணை மட்டும் இறுக்கி மூடியிருந்தாரு."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கேட்காமல் வைத்திருந்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கேட்கிற நாளுக்காக, அவள் இல்லாத நேரத்தில், தனியாகப் பழகிப் பார்த்திருக்கிறான். பாதி வரைக்கும் முடிந்திருக்கிறது.

அவன் கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்தாள். தன்னுடையதில் அந்த விளையாட்டை மட்டும் தினமும் திறந்து பார்ப்பாள். சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் அவனுடைய கப்பல்கள், நீலப் புள்ளிகளாக, இறங்காமல் நின்றன. இன்னும் வழியில்தான் இருக்கின்றன. யாராலும் தொட முடியாது. அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

பிறகு சின்னச் சின்னதாக ஆரம்பித்தது...

முதலில் பெயர். ஒரு நாள் திறந்தபோது அவன் கிரகம் 'கூரை' என்று இல்லை. 'மொட்டைமாடி' என்று இருந்தது. அவன் வாயிலேயே வராத வார்த்தை. கொழுந்தன்தான் அண்ணன் கணக்கைத் திறந்து ஏதோ செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவான்.

அடுத்தது குடை. அலமாரிக்குப் பின்னால் அவளே செருகி வைத்தது. வேலை முடிந்து வந்தால் வாசலில் சாய்ந்திருந்தது. கையில் எடுத்தாள். துணி சுட்டது. பகலெல்லாம் வெயிலில் நின்ற குடை மாதிரி.

அன்று காலையிலிருந்து மேகம். வெயிலே இல்லை.

பிறகு ஒரு விடுமுறை நாள். மாலை. அவர்கள் வீடு கடைசி மாடி. மேலே மொட்டைமாடி மட்டும்தான். அதன் கதவுக்கு அவளே பூட்டு போட்டிருந்தாள்.

சரக்... சரக்...

தலைக்கு மேலே செருப்புச் சத்தம். ஒரு கால் மட்டும் தேயும் நடை. அவனுக்கு இடது கால் அப்படித்தான்.

சத்தம் கூடத்துக்கு மேலே வந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே நின்றது.

டிங்.

கைபேசி மேசையில் கிடந்தது. தொடாமலே திரை ஒளிர்ந்தது. விளையாட்டு திறந்திருந்தது. நீலப் புள்ளிகள் மினுங்கின.

ஒரே ஒரு மணி. அவ்வளவுதான்.

கொழுந்தனை அழைத்தாள்.

"தம்பி, அந்த கேம்ல அண்ணனோட பேரையெல்லாம் மாத்தறது நீதானே? நீதான்னு சொல்லிடுப்பா."

"எந்த கேம் அண்ணி?"

"நாம மூணு பேரும் ஆடினோமே... கப்பல்."



"அண்ணி, அதை மூடிட்டாங்க. நடத்த ஆள் இல்லைன்னு, அண்ணன் போன அதே வாரம் நிறுத்திட்டாங்க. உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். இப்ப திறந்தா வெறும் வெள்ளைத் திரைதான் வரும். யாருக்குமே எதுவும் தெரியாது."

அவள் திரையைப் பார்த்தாள்.

புள்ளிகள் தெரிந்தன. தெரிகிற மாதிரி இல்லை. தெரிந்தன.

"அண்ணி? யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

சரக்...

குடையை எடுத்துக்கொண்டாள். சாவியை எடுத்துக்கொண்டாள். படி ஏறினாள். பூட்டு போட்டபடியே இருந்தது.

மாடியில் யாரும் இல்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில், அவன் விழுந்து கிடந்த இடத்தில் போய் நின்று குடையை விரித்தாள். எப்போதும் போல இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். அவளுடைய வலது தோள் வெளியேதான் இருந்தது. அவனோடு நடந்த நாளெல்லாம் மழையில் நனைந்தது அந்தத் தோள்தான்.

சரக்... சரக்...

நின்றது.

இடது பக்கத்தில், குடைக்குள், காற்று கனமானது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பயந்துதான் போனாள். அதை மறைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றது அவளைவிடப் பயந்திருந்தது. அது நன்றாகத் தெரிந்தது. இத்தனை நாளும் இறங்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல், கண்ணை மூடிக்கொண்டு, பாதி வழியில்.

குடையை மெதுவாக மடித்துச் சுவரில் சாய்த்தாள். தலைக்கு மேலே முதல் நட்சத்திரம் வந்திருந்தது. கைபேசி அவள் வலது உள்ளங்கையில் சத்தமில்லாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

இடது கையை நீட்டினாள். விரல்கள் சில்லென்று ஆயின. ஆஸ்பத்திரியில் தினமும் வரும் அந்தக் குரல், அன்றைக்கு உடைந்து உடைந்துதான் வந்தது.

"நான் பிடிச்சுக்கறேன்... விழ மாட்டீங்க. மேல பாருங்க."