எங்க அண்ணன் வேணு நின்ன இடமெல்லாம்

எங்க அண்ணன் வேணுவ செங்கம் ரோட்டுல தெரியாதவங்க ரொம்பக் கம்மி. டீ மாஸ்டர். காலையில பாய்லர் பத்த வெச்சா ராத்திரி வரைக்கும் நின்ன கால்தான், வாயில பீடி அணையாது. பௌர்ணமியன்னிக்குத்தான் வியாபாரம் ஜாஸ்தி. ஆனா அன்னிக்குன்னு பாத்து வெறுங்கால்ல மலையச் சுத்தக் கெளம்பிடும். முதலாளி திட்டறது காதுலயே வுழாது. அண்ணன்கூட நடக்க எங்களால ஆவாது. நாங்க அக்னி லிங்கம் தாண்டறதுக்குள்ள அது பாதி மலை சுத்தியிருக்கும்.

ரெண்டாயிரத்து ரெண்டு வாக்குல அந்த வேகம் போச்சு. வழியில இருக்கற ஒவ்வொரு லிங்கத்துகிட்டயும் நின்னு கண்ண மூடிக்கும். அப்புறம் லிங்கமே இல்லாத எடத்துலயும் நிக்க ஆரம்பிச்சுது. புளியமரத்தப் புடிச்சுக்கிட்டு மலையப் பாத்துக்கிட்டு நிக்கும். வேணுவுக்கு பக்தி முத்திப் போச்சுன்னு தெருவே பேசுச்சு. அதும் பொண்டாட்டி ஆராயி அண்ணிக்கு ஒரே பெருமை. கடையில "சாமி, ஒரு டீ"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

அடப் பாவிங்களா! கெண்டக்கால் சதை கல்லாட்டம் இறுகி, அடுத்த அடி எடுத்து வெக்க முடியாமதான் அது நின்னுச்சு. நின்னா வலி போயிடுமாம், நடந்தா வந்துடுமாம். அத ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இத்தினி வருஷமா 'டேய் வேணு'ன்னு கூப்பிட்ட ஊரு சாமின்னு கூப்பிடுது. அது வாயத் தொறக்குமா?

ரெண்டு வருஷம் கழிச்சு கட்டவெரல்ல ஒரு புண்ணு வந்து ஆறவே இல்ல. மஞ்சளக் கொழச்சுப் போட்டுத் துணியால கட்டிக்கிச்சு. படுத்தா வலி தாங்காம, காலத் தொங்கப் போட்டுக்கிட்டு கட்டில்லயே ஒக்காந்திருந்துச்சு. நான்தான் கட்டப் பிரிச்சுப் பாத்தேன். வெரலு கரியா இருந்துச்சு.

"இன்னாண்ணா இது? வாய்ல இன்னா கொழக்கட்டையா இருந்துச்சு?"

நடந்தா கெண்டக்கால் வலிக்கும், நின்னா போயிடும்னு அன்னிக்குத்தான் சொல்லுச்சு.

மெட்ராசுக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். காலுக்குள்ள மருந்து ஏத்தி படம் எடுத்தாங்க. தொடையில ரத்தக்குழாய் அடச்சுக் கெடந்துச்சு.

"பீடி பண்ண வேலைம்மா. நெஞ்சுக்கு வெக்கிற மாதிரி காலுக்கும் ஸ்டென்ட் வெக்கலாம், தொடையில வெச்சுடறேன்"னாரு டாக்டரு அண்ணிகிட்ட. "ஆனா முட்டிக்குக் கீழயும் எல்லாம் மூடிடுச்சு. நடக்கறப்ப வலிக்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தீங்கன்னா..."

தொடையிடுக்குல கம்பி வுட்டு ஸ்டென்ட் வெச்சாங்க. மறுநாள் பாதத்தத் தொட்டுப் பாத்தேன். கதகதன்னு இருந்துச்சு. எத்தினி மாசம் கழிச்சு! "அண்ணா, சூடா இருக்குண்ணா!"ன்னு கத்திட்டேன்.

"வர்ற பௌர்ணமிக்கு உன்ன முந்திக்கிறேன் பாரு"ன்னு சிரிச்சுச்சு.

அதுக்கு மறுநாள் பாதம் ஜில்லுனு ஆயிடுச்சு. கழுவி வெச்ச எவர்சில்வர் தட்டாட்டம் அப்படி ஒரு ஜில்லு. வெச்ச ஸ்டென்ட்டும் அடச்சுக்கிச்சாம், முட்டிக்கு மேலயே கால எடுத்துட்டாங்க.

இப்பல்லாம் பௌர்ணமியில கடை வாசல்ல ஸ்டூல் போட்டு ஒக்காந்திருக்கும். தாடி வளந்துடுச்சு. போறவங்க கும்புட்டுட்டுப் போறாங்க. அது திரும்பிக்கூடப் பாக்காது.

போன சித்திரா பௌர்ணமிக்கு ஒரு ஆளு, நாப்பது வயசு இருக்கும், கடை எதுர்ல லைட்டுக் கம்பத்தப் புடிச்சுக்கிட்டு நின்னான். கெண்டக்கால அமுக்கிக்கிட்டான். கொஞ்சம் நடந்தான். மறுபடி நின்னு மலையப் பாத்தான். அண்ணன் ஸ்டூல்லேர்ந்து எழுந்துக்கப் பாத்துச்சு.

"யோவ்! கால் வலிக்குதாய்யா? ஆஸ்பத்திரிக்குப் போய்யா! என் காலப் பாருய்யா!"ன்னு வேட்டியத் தூக்கிக் காட்டி கத்துச்சு.

அவன் திரும்பி தாடியப் பாத்தான், அறுத்த காலப் பாத்தான். தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, கையக் கூப்பி, "சரிங்க சாமி"ன்னுட்டு நடந்துட்டான்.

"மணி, ஓடு! நீயாச்சும் போய்ச் சொல்லு!" அண்ணன் அழுதுடுச்சு.

ஓடினேன். எங்க பாத்தாலும் கையக் கூப்பிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு ஆளுங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. அதுல அவன் யாருன்னு எனக்குத் தெரியவே இல்ல.