கருவாட்டுக்காகத் திருப்பி வைத்த மிஷின்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி நான். இன்னொருத்தி டீசலில் ஓடும் வெல்டிங் ஜெனரேட்டர். கவனிப்பெல்லாம் அவளுக்குத்தான். காலையில் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்காது. அவளுக்கோ ஆயில் கம்பியை உருவித் துடைத்து அளவு பார்ப்பார், ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார், டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று திருகைத் திறந்து வடித்துப் பார்ப்பார். சாயங்காலம் சாக்கு போட்டு மூடுவார், உப்புக்காற்று படக்கூடாதாம். எனக்கு ஒருநாள் ஒரு போர்வை போர்த்தியதில்லை அந்த மனுஷன்.

அப்போது காசிமேட்டில் கரையேற்றி வைத்த ஓர் இரும்புப் படகில் அவருக்கு வேலை. துணைக்கு இருந்த ஆள் எண்ணூர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மிஷினைப் பார்த்துக்கொள்ள, சாப்பாடு கொண்டுபோன நான் மாட்டிக்கொண்டேன்.

“இந்தாமே, சூடா கீறப்ப ரேடியேட்டர் மூடியத் தொறக்காத, மூஞ்சி வெந்துடும். டீசல் ஊத்தணும்னா நிறுத்தி, ஆற வுட்டு ஊத்து. நிறுத்தறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா ஓட வுடு.”

“யோவ், நீ என்னாண்ட இவ்ளோ நேரம் பேசி எத்தினி வருஷம் ஆச்சு?” என்றேன். சிரித்துக்கொண்டே படகுக்குள் போய்விட்டார்.

ஒரு வாரத்தில் எனக்கும் மிஷினுக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. அவர் உள்ளே வெல்டிங் ராடைப் பற்றவைத்தால் எஞ்சின் பாரம் தூக்குகிறவள்போல முக்கும். ராடை எடுத்தால் லேசாகி ஓடும். ஆள் கண்ணில் படாவிட்டாலும் வேலை நடக்கிறதா, உட்கார்ந்து பீடி பிடிக்கிறாரா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். ஊரில் எந்தப் பெண்டாட்டிக்கு இந்த வசதி உண்டு?

பேஜாரு கருவாட்டால் வந்தது. படகுக்கு நிலத்துப் பக்கம், எங்கள் மிஷினுக்குப் பின்னால் ஓர் அக்கா கருவாடு காயப்போட்டிருந்தாள். எங்கள் புகை அவள் நெத்திலிமேல் போகிறதாம்.

“இன்னாமே, கருவாட்ட டீசல்ல பொரிச்சு வெச்சுகீற மாதிரி நாறுது! எவன் வாங்குவான்?” என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்கும் வாய் உண்டு. ஆனால் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டிய முகம். மறுநாள் காலையில், அவர் தேநீர் குடிக்கப் போன நேரம், வலை பின்னுகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு மிஷினைத் தள்ளி, கடலுக்கும் படகுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். சக்கரத்துக்குச் செங்கல்லும் முட்டுக் கொடுத்தேன். காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது, புகையும் கூடவே போனது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவர் திரும்பி வந்து, “நல்ல எடந்தான்” என்றுகூடச் சொன்னார். அந்தப் பக்கம்தான் படகின் அடியில் பழைய தகட்டை வெட்டியெடுத்த ஓட்டை இருந்தது. அதில் குனிந்து நுழைந்துதான் அவர் உள்ளே வேலை செய்வார். படகின் மேல்மூடியில் வலையைக் குவித்திருந்ததால் வேறு வழி கிடையாது.

சித்திரை வெயில். மதியம் ஆனதும் கடல்காற்று வந்தது. அப்பாடா என்று முந்தானையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் லேசாகி ஓடியது. பீடி, என்று நினைத்தேன். இரண்டு பீடி நேரம் ஆனது. மூன்று ஆனது. எழுந்துபோய் ஓட்டையில் தலையை விட்டுப் பார்த்தேன். மனுஷன் சுவரில் சாய்ந்து கிடந்தார். முகத்தில் ஓர் இளிப்பு.

“இன்னாயா?”

“ஒண்ணியும் இல்ல… ரவ நேரம்… தல சுத்துது…” நாக்கு குழறியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொங்கலன்று அம்மன் கோயிலில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தவர் அவர், இனிமேல் சாராயத்தைத் தொடமாட்டேன் என்று. நடுப்பகலில், அதுவும் வேலை செய்கிற இடத்தில்!

“குடிச்சிட்டு குந்தினு கீறியா? கெட அங்கியே! வூட்டுக்கு வந்துடாத!” என்று கத்திவிட்டுத் திரும்பி வந்தேன். மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். நாலைந்து நிமிஷம் இருக்கும்.

அப்போது கருவாட்டு அக்கா மறுபக்கத்திலிருந்து நல்ல மனசோடு குரல் கொடுத்தாள். “இப்பதாம்மே நல்லா கீது! காத்து திரும்பியும் புகையே வரல!”

கடல்காற்று அவள் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. வராமல் புகை எங்கே போகிறது? சைலன்சரைப் பார்த்தேன். அதிலிருந்து வந்த புகை ஒரு நூல்கூடப் பிசகாமல் அந்த ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அஞ்சு நிமிஷம் சும்மா ஓட விடுவதாவது! எஞ்சினை அப்படியே நிறுத்தினேன். கத்திய கத்தலில் வலைக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஓட்டைக்கு நேராக நீட்டியிருந்த அவர் காலைப் பிடித்து, அக்காவும் சேர்ந்து, வெளியே இழுத்துப் போட்டோம். வாயருகே முகர்ந்து பார்த்தேன். சாராய வாசனை துளியும் இல்லை. பீடி வாசனைதான்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். எஞ்சின் புகையில் இருக்கிற விஷம் குடித்தவன் மாதிரியே ஆளை ஆக்கிவிடும், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து, சோறு சரியில்லை என்று குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

அதன்பிறகு ஊரெல்லாம் என் புகழ்தான். “என் பொண்டாட்டி இல்லன்னா நான் மூலக்கொத்தளம் சுடுகாட்டுல படுத்துகினு இருப்பேன்” என்று தேநீர்க் கடையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொன்னார். நான் முதல்முறை எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டு வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் அது நினைவில்லை என்றே நம்பினேன்.

ஒரு வருஷம் கழித்து, மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “அன்னிக்கு நீ எட்டிப் பாத்தியே, ஓட்டைய நீ மறைச்சதுல உள்ள ஒரே இருட்டாச்சு. கையத் தூக்கிக் கூப்புடலாம்னு பாத்தேன்மே, தூக்க முடியல. அப்பால நீ நவுந்து போனதும் ஓட்டைல வெளிச்சம் வந்துச்சு. அப்பதான் பயந்துட்டேன்.”

“ஏன்யா இத்தினி நாளா சொல்லல?”

“சொன்னா நீ அழுவ” என்றார்.

அழுதேன்.