இரட்டை இறக்கை விமானத்தில் போன சீர்வரிசை

உலக யுத்தம் முடிந்த பிறகு காசிமேட்டில் எங்கள் முதலாளி அளவுக்கு அலட்டிக்கொண்டவர் யாருமில்லை. மீன் வியாபாரம். நான் அவருடைய கணக்கப்பிள்ளை. திருச்சியில் அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாலி ஏறுவதற்கு முன்னால் மணப்பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டாக வேண்டும். சொந்தபந்தமெல்லாம் முந்தின நாளே ரயிலேறிவிட்டது. இவர் மட்டும், "ரயில்ல போறதுக்கு நான் இன்னா கருவாட்டு மூட்டையா? நானும் சீரும் ஏரோபிளேன்லதான்" என்று திருவொற்றியூர் வரைக்கும் தம்பட்டம் அடித்துவிட்டார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் சீர் சாமான்களோடு மீனம்பாக்கத்தில் நின்றோம். ரெண்டு எஞ்சின், ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு அடுக்கு இறக்கை, நடுவே கம்பி. சரக்கு ஏற்றுவதற்காகப் பாதி நாற்காலிகளைக் கழற்றியிருந்தார்கள். முதலாளி இறக்கையைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"துணிடா இது! நம்ம பாய்மரத் துணி கணக்கா கீது."

உடனே தேறிக்கொண்டார். பாயை நம்பிக் கடலுக்குப் போகிற பரம்பரையாம்.

அந்த விமானக் கம்பெனியில் சரக்கோடு ஆளையும் எடை போடுவார்கள். ஆயுள் முழுக்கத் தராசுத் தட்டில் விரல் வைத்து மீனைக் கனமாக்கியவர், எடை மேடையில் தொந்தியை எக்கி மூச்சைப் பிடித்தார். செருப்பைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார். முள் அசையவில்லை. தேங்காய், வாழைத்தார், பித்தளை அண்டா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அங்கிருந்த அதிகாரி சொன்னார்: "நீங்க, இல்லாட்டி சாமான். ரெண்டும் ஏறாது."

"நீங்க ஏறுங்க முதலாளி. சாமானை நான் ரயில்ல எடுத்துக்கினு ராத்திரிக்கு வந்துடறேன்" என்றேன்.

அழுகின மீனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "வெறுங்கையோட போய் நின்னா சம்பந்தி காறித் துப்புவான். நீ ஏறு. ஒல்லிப்பிச்சான்தானே, பிளேன் தாங்கும்."

"மாலை யாரு போடறது?"

"அதெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க. நீ போ."

அந்த மனிதர் என்னை மெச்சியது அந்த ஒரு தடவைதான், அதுவும் என் எலும்பை. அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். இறக்கை ஆடும்போதெல்லாம் அவை கடகடத்தன.

கல்யாண வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் மேளம் முழங்கியது. முதலாளியின் தங்கை ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் தேடினாள்.

"அண்ணன் எங்க?"

சொன்னேன். மேளம் நின்றுவிட்டது. வரிசையாக இறங்கிய சீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்டா இந்த ஊர்லயும் விக்குது. அண்ணன் விக்குதா?"

மகளுக்கு அவளே மாலை போட்டாள். முதலாளி மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சீரை அவள் தொடவே இல்லை. அத்தனையையும் என்னோடு ரயிலில் திருப்பி அனுப்பிவிட்டாள்.

காசிமேடு வந்து சேர்ந்தேன். திரும்பி வந்த அண்டாக்களை முதலாளி ஒரு பார்வை பார்த்தார். தங்கை என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"சீரு பிளேன்ல வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது முதலாளி. நீங்க வரலன்னும் தெரிஞ்சுது."