கறுப்பு அட்டைக்கு ஃபாரம் இல்லை

விமானம் விழுந்தால் யார் சாக வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருக்கும் இடம் எது, உங்களுக்குத் தெரியுமா?

விமான நிலையம்தான். பதற வேண்டாம், எல்லாம் ஒத்திகை. பெரிய விமான நிலையங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு பொய் விபத்தை முழு அளவில் நடத்திப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஊழியர்களே பயணிகள். கழுத்தில் ஆளுக்கோர் அட்டை. சிவப்பு என்றால் உடனே தூக்க வேண்டியவர். மஞ்சள் சற்றுப் பொறுக்கலாம். பச்சை தானே நடந்து போகலாம். கறுப்பு என்றால் செத்தாயிற்று, அவசரமே இல்லை.

லாலாகுடா பகுதியிலிருந்து வேலைக்கு வரும் ஆக்னஸுக்கு இது ஐந்தாவது ஒத்திகை. ஐந்திலும் கறுப்பு.

பதினோரு ஆண்டாக ஒப்பந்தத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிறாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இந்த முறை ஒரு நம்பிக்கை இருந்தது. ஒத்திகையில் கண்ட குறையை எழுத்தில் நன்றாகக் குறித்துத் தருபவர் ஒருவருக்கு அடுத்த ஒத்திகையின் திட்டக் குழுவில் இடம், ஒப்பந்த ஊழியர்களும் எழுதலாம் என்று அறிவித்திருந்தார்கள். அது உட்கார்ந்து பார்க்கும் வேலை.

சிவப்பு அட்டை ப்ரியாவுக்குப் போனது. நான்கு ஆண்டுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள், நிரந்தர ஊழியர். ஒப்பனைக்காரர் அவள் நெற்றியில் அரை மணி நேரம் காயம் வரைந்தார். ஆக்னஸுக்கு ஒரு பொட்டு ரத்தம்கூட வைக்கவில்லை.

காலை பதினொரு மணி வெயிலில், ஓடுபாதை ஓரப் புல்லில் செத்துக் கிடந்தாள். பக்கத்துப் பிணம் முகமது யூசுப், ஆம்பூர்க்காரர், தள்ளுவண்டிகளைச் சேர்ப்பவர்.

"நம்ம நசீப், தலையெழுத்து அப்படி, ஆக்னஸம்மா."

"நசீப் எங்க வந்துச்சு பாய்? லிஸ்ட் போட்டது ஸ்ரீகாந்த் சாரோட கம்ப்யூட்டரு. ஒப்பந்தம்னா கறுப்பு, நிரந்தரம்னா மத்த கலரு. அஞ்சு தடவையும் பார்த்துட்டேன்."

"பொணம் பேசக்கூடாது."

"பேசுனா என்ன, மறுபடியும் சாகடிப்பாங்களா?"

ஓடுபாதையின் எந்த மூலைக்கும் தீயணைப்பு வண்டி மூன்று நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும். வந்தது. பச்சை அட்டைகள் குளிரூட்டிய பஸ்ஸில் ஏறி ஜூஸ் குடித்தன. ப்ரியாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஓரிடத்தில் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வரவில்லை.

ஆக்னஸ் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ப்ரியாவும் வெயிலில் கிடக்கிறாள். முதல் ஐந்து நிமிடம் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. கிடக்கட்டும், இரண்டு மணி நேரம் கிடந்தால் தெரியும் எங்கள் பாடு.

பிறகுதான் வேலியைக் கவனித்தாள். ஆம்புலன்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. ஓட்டுநர் இறங்கி ஒரு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விமான நிலைய நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் கொடுத்திருப்பார்கள், ஆபத்தில் எண்ணைச் சொன்னால் போதும். புதிய பாதை போட்ட பிறகு வேலி நகர்ந்தது, எண்களும் மாறின. வண்டி நின்றது பழைய வாசல் இருந்த இடம், ஆக ஓட்டுநர் கையில் இருந்தது பழைய படம். ஒத்திகையை ஏற்று நடத்திய வெளி நிறுவனம் அதைத்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தது.

பதினொரு நிமிடம் தாமதம். நிஜமாக இருந்தால் ப்ரியா கழுத்தில் அட்டை கறுப்பாகியிருக்கும்.

மாலை கூட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் சாலை நெரிசல் என்று எழுதிக்கொண்டார்கள். ஆக்னஸ், குறைகளை எழுதித் தரும் ஃபாரம் கேட்டாள்.

ஒத்திகைக்குப் பொறுப்பான அதிகாரி ஸ்ரீகாந்த் சிரித்தார். "கறுப்பு அட்டைக்கு ஃபாரம் அச்சடிக்கலைம்மா. செத்தவங்க என்னத்தப் பார்த்திருக்கப் போறாங்க?"

"ஹவ் சார், சரிதான். ஆனா நான்தான் முழுசும் பார்த்தேன். மயக்கத்துல இருந்தவங்களுக்கு ஃபாரம் குடுத்திருக்கீங்க."

அவர் அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.

எழுதிக் கொடுப்பதென்றால் ஃபாரம் வைத்திருக்கும் ப்ரியா வழியாகத்தான். சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ப்ரியாவுக்குக் கிடைக்கப்போகும் பெயருக்கு நான் ஏன் எண்ணெய் ஊற்ற வேண்டும்? ஆனால் அடுத்த வண்டியும் அந்த வேலியில்தான் போய் நிற்கும். கறுப்பு அட்டையின் பின்பக்கத்தில் நடந்ததை எழுதி, கட்ட எண்ணையும் போட்டு, ப்ரியாவிடம் நீட்டினாள்.

ப்ரியா படித்தாள். முகம் மாறியது. "ஆக்னஸ்க்கா, இது நீங்க எழுதினதுன்னு சொல்லியே குடுக்கறேங்க."

சொல்லித்தான் கொடுத்தாள். தன் ஃபாரத்தோடு அட்டையைப் பின் குத்தி, ஆக்னஸ் பெயரையும் எழுதினாள். ஒரு வாரத்தில் எல்லா வண்டிகளுக்கும் புதிய வரைபடம் போனது. திட்டக் குழுவில் இடம் ஃபாரம் யாருடையதோ அவருக்கு, அதாவது ப்ரியாவுக்கு. பாராட்டுப் பத்திரமும் அவளுக்கே.

"இன்னும் நெஞ்சு காந்துதா?" என்றார் யூசுப், பஸ் நிறுத்தத்தில்.

"காந்தாம? அவ நல்ல பொண்ணுதான் பாய், அதான் கூடக் காந்துது. கெட்டவளா இருந்தா திட்டிட்டாவது தூங்குவேன்."

இரண்டு ஆண்டுக்கு அப்புறம் வரும் ஒத்திகைக்குப் பட்டியல் இப்போதே தயார். ஆக்னஸ் பெயருக்கு நேரே கறுப்பு என்று இருக்கிறது.

உங்கள் அலுவலகத்திலும் அடுக்குமாடியிலும் தீ ஒத்திகை நடக்கும். அன்றைக்கு யாரைத் தரையில் படுக்க வைக்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்ததும் முதல் ஃபாரத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் பெயரை அவரே எழுதட்டும்.